அரசுப் பல்கலைக்கழகம் என்றால் செலவு குறைவா? வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்களுக்கான இழை

கடல்நாரை எழுதியது:

வணக்கம். இயந்திரப் பொறியியல் இளங்கலை கடைசி ஆண்டில் இருக்கிறேன். முதுகலையை வெளிநாட்டில் படிக்க ஆசை. கல்விக்கடன் கிடைக்கும், ஆனால் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கேட்கிற கட்டணத்துக்குக் கடன் வாங்கினால் அதை அடைக்கவே வேலைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது.

ஐரோப்பாவில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே இல்லை என்று ஒருவர் சொல்கிறார். அதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லா இடத்திலும் வாங்குகிறார்கள் என்கிறார் இன்னொருவர். ஓர் ஆலோசகரிடம் போனேன். "அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு" என்று சொல்லிவிட்டு மூன்று தனியார் நிறுவனங்களின் கையேட்டை நீட்டினார்.

படித்தவர்கள், படிக்கிறவர்கள் யாராவது உள்ள நிலைமையைச் சொல்லுங்கள். மதிப்பெண் சுமார் 75 சதவீதம். ஆங்கிலம் சரளம், வேறு அயல்மொழி எதுவும் தெரியாது.

பழைய மாணவன் எழுதியது:

தம்பி, உங்களிடம் பேசிய இரண்டு பேரும் பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே வெளிநாட்டு மாணவருக்கு மலிவு என்று ஒரு விதியும் கிடையாது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பொதுநிதி வாங்குபவைதான். ஆனாலும் 1980 வாக்கிலேயே வெளிநாட்டவர் முழுச் செலவையும் கட்ட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த மாநிலத்துக் குடும்பப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு வேறு கட்டணம். நீங்கள் எங்கிருந்து போனாலும் வெளியார்தான். அங்கே கட்டணச் சலுகையோடு சம்பளமும் கிடைப்பது பெரும்பாலும் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு.

ஆகவே அந்த நாடு வெளிநாட்டவரையும் உள்ளூர் மாணவரைப் போலவே நடத்துகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படி நடத்திய நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு வருகின்றன. டென்மார்க் 2006ல், ஸ்வீடன் 2011ல், பின்லாந்து 2017ல், நார்வே 2023ல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்தன. நார்வே இலவசம் என்று இன்னமும் காணொளி போடுகிறார்கள், நம்பாதீர்கள்.

மிச்சமிருக்கும் பெரிய நாடு ஜெர்மனி. அங்கேயும் நாடு முழுக்க ஒரே விதி இல்லை. கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஹைடல்பர்க், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஃப்ரைபர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான். பவேரியா சட்டத்தை மாற்றி, விருப்பப்பட்ட பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளலாம் என்றது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு, படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. அதே நேரத்தில் ஆகன், டார்ம்ஸ்டாட், டிரெஸ்டன், பிரவுன்ஷ்வைக், கெம்னிட்ஸ் போன்ற இடங்களில் உங்கள் துறையில் வழக்கமான முதுகலைக்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்று. அரசுப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, வேலையில் இருப்பவர்களுக்கான தொடர்கல்வி முதுகலை என்று ஒரு வகை உண்டு. அதற்குக் கட்டணம் கணிசமாக இருக்கும். நாட்டின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பக்கத்தில் கட்டணம் என்று என்ன போட்டிருக்கிறது, அது மட்டும்தான் கணக்கு.

மழைக்குருவி எழுதியது:

> கட்டணம் இல்லை

இதுதான் எனக்குப் புரியவில்லை. யாரோ ஒரு நாட்டுப் பிள்ளைக்கு ஜெர்மனிக்காரர் ஏன் தன் வரிப்பணத்தில் பாடம் நடத்த வேண்டும்? இலவசமாகக் கொடுப்பதில் தரம் இருக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது.

பழைய மாணவன் எழுதியது:

நியாயமான சந்தேகம். ஆனால் இது வெளிநாட்டவரை இழுக்க வைத்த சலுகை இல்லை. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் போட்ட சண்டையின் பலன் நமக்கும் சேர்ந்து கிடைக்கிறது, அவ்வளவுதான்.

2005ல் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம், மாநிலங்கள் கட்டணம் வாங்குவதை மத்திய அரசு தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. உடனே ஏழு மாநிலங்கள் செமஸ்டருக்குச் சுமார் 500 யூரோ வாங்க ஆரம்பித்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆட்சி மாறிய இடங்களில் கட்டணம் போனது. பவேரியாவில் 2013ல் மக்கள் கையெழுத்து இயக்கமே நடத்தி அதை நீக்க வைத்தார்கள். கடைசியாக லோயர் சாக்ஸனி 2014ல் எடுத்தது. அந்த வேகத்தில் வெளிநாட்டவருக்குத் தனி வரிசை போடப் பெரும்பாலான மாநிலங்கள் இதுவரை நினைக்கவில்லை. படித்து முடித்தவர்களில் ஒரு பகுதி அங்கேயே வேலை பார்த்து வரி கட்டுகிறார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. பட்டம் வாங்கியவுடன் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி கொடுப்பது சும்மா இல்லை.

தரத்தைப் பற்றி: அங்கே பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களில் அநேகமாக எல்லாமே அரசுடையவை. உள்ளூர்ப் பிள்ளைகள் முட்டி மோதுவது அதில் இடம் பிடிக்கத்தான்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் கட்டணத்தையே பேசுகிறீர்கள். எத்தனையோ பேருக்கு வரவு செலவு போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கட்டணம் பூஜ்யம் என்றாலும் பை காலியாகும்.

ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், விசாவுக்கு முன்பே ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அங்கே போனதும் மாதம் 992 யூரோ உங்கள் கைக்கு வரும். பணம் உங்களுடையதுதான், யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மொத்தமாக முதலிலேயே காட்ட வேண்டும் என்பதுதான் பலரைத் தடுக்கும் சுவர். கல்விக்கடனிலிருந்தும் போடலாம்.

இந்த 992ல் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அடக்கம். அரசுக் காப்பீட்டில் 30 வயதுக்குள் இருக்கும் மாணவருக்கு 2025ல் மாதம் 140 முதல் 150 யூரோ வரை. மலிவாக இருக்கிறதே என்று தொடக்கத்தில் தனியார் காப்பீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அரசுக் காப்பீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப உள்ளே வர முடியாது. 30 தாண்டியவர்களுக்கு மாணவர் விலை கிடையாது, அவர்கள் இந்த வரியைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

செமஸ்டர் பங்களிப்பு என்று 100 முதல் 400 யூரோ வரை எல்லோரும் கட்ட வேண்டும். இதைக் கட்டணம் என்று நினைத்துப் பதறாதீர்கள். பல இடங்களில் நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போகும் பயணச்சீட்டு இதற்குள் வந்துவிடுகிறது.

விண்ணப்பச் செலவு: யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையம் வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. இந்தியா, சீனா, வியட்நாமில் படித்தவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (படிப்புத் தாள்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) தனியாக வேண்டும். மொழித்தேர்வு, மொழிபெயர்ப்பு, விசா, விமானச்சீட்டு எல்லாம் இதற்கு மேல்.

இரண்டு ஆண்டு முதுகலை என்றால் வாழ்க்கைச் செலவு மட்டும் குறைந்தது 24,000 யூரோ. மியூனிக்கில் அது போதாது, வாடகையே பாதியைத் தின்றுவிடும். கெம்னிட்ஸ், இல்மெனாவ், ஃப்ரைபெர்க், மாக்டபர்க் போன்ற கிழக்குப் பக்கத்து ஊர்களில் மிச்சமும் பிடிக்கலாம். ஃப்ரைபெர்க் (மேலே சொன்ன ஃப்ரைபர்க் வேறு ஊர்) சுரங்கப் பல்கலைக்கழகம் 1765ல் தொடங்கியது. சிறிய ஊர் என்பதால் சிறிய பெயர் என்று அர்த்தமில்லை. உண்மையைச் சொன்னால், எந்த நாடு என்பதைவிட எந்த ஊர் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

தேன்சிட்டு எழுதியது:

யாருமே இத்தாலியைச் சொல்லவில்லையே. நான் அங்கே படிக்கிறேன், அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வெளிநாட்டு மாணவருக்கும் அப்படித்தான். குடும்பத்தின் வருமானம், சொத்து, எத்தனை பேர் எல்லாவற்றையும் வைத்து ஈசே என்று ஓர் எண் போடுவார்கள். அந்த எண் 22,000 யூரோவுக்குள் இருந்தால் முதலாண்டில் கட்டணம் கிடையாது, மண்டல வரியும் முத்திரைத்தாளும் மட்டும். வருமானம் எவ்வளவு அதிகமானாலும் உச்சவரம்பு உண்டு, மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்கூட ஆண்டுக்குச் சுமார் 3,900 யூரோதான். இங்கிலாந்துக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் மண்டல உதவித்தொகை இருக்கிறது. கிடைத்தால் கட்டண விலக்கு, கையில் பணம், சில இடங்களில் விடுதியும் சாப்பாடும். தேவை இருப்பவர் யாரும் கேட்கலாம், முதலாண்டில் மதிப்பெண்ணைக்கூடப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இனி சிக்கல். வருமானச் சான்று, சொத்துச் சான்று, குடும்ப உறுப்பினர் சான்று எல்லாம் பிறந்த நாட்டில் வாங்கி, இத்தாலிய மொழியில் மொழிபெயர்த்து, அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும் என்று அரசு குத்துவது) குத்திக்கொண்டு வர வேண்டும். என் அப்பாவின் பெயர் ஒரு தாளில் முதலெழுத்தோடும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் இருந்தது. இங்கே கவுண்டரில் இருந்த அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவர்கள் இரண்டு பேர் என்று சொல்லிவிட்டார். ஒரே ஆள்தான் என்று தூதரகத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கெடு கோடையின் இறுதியிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ முடிந்துவிடும். பலர் அந்த நேரத்தில் விசாவுக்காக இன்னும் ஊரில்தான் இருப்பார்கள். தாள்களை முன்பே தயார் செய்யாதவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், தகுதிப் பட்டியலில் பெயர் வந்தாலும் பணம் தவணையாக வரும், அதுவும் தாமதமாக. முதல் ஆண்டில் குறைந்தபட்ச கிரெடிட் எடுக்காவிட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே உதவித்தொகையை நம்பி வெறுங்கையோடு வராதீர்கள். முதல் சில மாதங்களுக்குக் கையில் பணம் வேண்டும்.

நெய்தல் எழுதியது:

பிரான்ஸ் பற்றிச் சுருக்கமாக. 2019ல் அரசு வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்தது. அப்போது இளங்கலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. ஐரோப்பிய மாணவர் கட்டுவது முதுகலைக்கு 250 யூரோ அளவில்தான். இதை எதிர்த்து வழக்குப் போட்டும் உயர் நிர்வாக நீதிமன்றம் 2020ல் சரி என்று சொல்லிவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவருக்கு விலக்கு கொடுத்துப் பழைய கட்டணத்தையே வாங்கி வந்திருக்கின்றன. எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, யாருக்கு விலக்கு என்பது மாறிக்கொண்டே இருக்கும், அவர்களிடமே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்துக்கு இந்தத் தனிக் கட்டணம் இல்லை.

ஆஸ்திரியாவில் அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டருக்கு 726.72 யூரோ. அந்தக் காசு வரைக்கும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

செக் குடியரசு வேறு மாதிரி. செக் மொழியில் படித்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்த நாட்டவருக்கும் கட்டணம் இல்லை, ஆங்கிலத்தில் படித்தால் உண்டு. முதலில் ஓர் ஆண்டு மொழி படித்துவிட்டு அப்புறம் சேர்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

கடல்நாரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆலோசகர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜெர்மனியில் ஆங்கில வழி முதுகலைகளைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். நிறைய இடங்களில் "2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பு" என்று இருக்கிறது. என் 75 சதவீதம் இதில் எங்கே வரும்?

அரைப்புள்ளி எழுதியது:

அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சியின் விளிம்பு. எண் குறையக் குறைய நல்லது. மாற்றுவதற்குப் பெரும்பாலும் பவேரியச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்ச மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 3ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள்.

உங்களுக்கு 75, தேர்ச்சி 40 என்றால்: 25ஐ 60ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.25. தேர்ச்சி 50 என்றால் அதே 75க்கு 2.5 வருகிறது. பார்த்தீர்களா, உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பது உங்கள் தலையெழுத்தையே மாற்றுகிறது. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தேர்ச்சி வரம்பு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தேர்வுத் துறையில் கேட்டுத் தனித்தாளாக வாங்கி வையுங்கள்.

ஆனால் மதிப்பெண்ணால் தள்ளப்படுகிறவர்களைவிடப் பாடக் கிரெடிட்டால் தள்ளப்படுகிறவர்கள் அதிகம் என்பது நான் பார்த்தது. ஜெர்மன் முதுகலைக்காரர்கள் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. இளங்கலையில் கணிதம் இத்தனை கிரெடிட், இயந்திரவியல் இத்தனை, வெப்ப இயக்கவியல் இத்தனை என்று பட்டியல் போட்டிருப்பார்கள். ஒன்றில் குறைந்தாலும் சில இடங்களில் நேராக நிராகரிப்பு, சில இடங்களில் சேர்த்துக்கொண்டு விடுபட்ட பாடத்தை எழுதச் சொல்வார்கள். விண்ணப்பத்தோடு உங்கள் பாடத்திட்டத்தைப் பாடவாரியாகத் தர வேண்டும்: என்ன தலைப்புகள், எத்தனை மணி நேரம், என்ன நூல். "பொறியியல் கணிதம் 3" என்று பெயர் மட்டும் போட்டால் அவருக்கு எப்படித் தெரியும் அதில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு இருக்கிறது என்று? எழுதிக் காட்டுங்கள்.

கெடு தேதி: குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15, கோடைக்கு ஜனவரி 15 என்பது பொது வழக்கம். ஆங்கில வழி முதுகலைகள் வெளிநாட்டவருக்கு இதைவிட மாதக்கணக்கில் முன்பே மூடிவிடும். ஏபிஎஸ் கையில் இல்லாமல் பல இடங்களில் விண்ணப்பம் நகராது, அதை முதலில் தொடங்குங்கள். படிப்புகளைத் தேட டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தில் வடிகட்டி உண்டு, கட்டணம் இல்லாதவை மட்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாம் ஜாமம் எழுதியது:

வேலை செய்து சமாளிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், அதனால் இப்போதே.

ஜெர்மனியில் 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது. 2025ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. பிரான்ஸில் ஆண்டுக்கு 964 மணி நேரம். கணக்குப் போட்டால் வாடகையும் சாப்பாடும் தேறும்தான்.

ஆனால் முதல் செமஸ்டரிலேயே வேலை கிடைக்கும் என்று நினைத்து வராதீர்கள். உள்ளூர் மொழி தெரியாமல் கிடைப்பது கிடங்கில் பெட்டி அடுக்குவது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது. நானும் கிடங்கில் இரவு முறை பார்த்திருக்கிறேன். அதிகாலை வந்து படுத்துவிட்டு எட்டு மணி வகுப்புக்கு எழுந்து போவது கொஞ்ச நாளைக்கு முடியும், அப்புறம் முதலில் போவது தூக்கம், அடுத்தது பாடம். தேர்வில் தவறினால் எழுத வாய்ப்பு கணக்குப் பார்த்துத்தான், பல இடங்களில் மூன்று முறை. கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பு அங்கே முடிந்தது, அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. இதை எந்தக் காணொளியிலும் சொல்ல மாட்டார்கள்.

வீடு பற்றி ஒரு வார்த்தை. மாணவர் விடுதிக்கு, பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாவதற்கு முன்பே, விண்ணப்பிக்க அனுமதிக்கும் முதல் நாளிலேயே பெயர் கொடுங்கள். வெளியே அறை எடுத்தால், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதித்தாள் தருவாரா என்று முதலில் கேளுங்கள். அது இல்லாமல் முகவரி பதிய முடியாது, முகவரி பதியாமல் குடியிருப்பு அனுமதி வரை எல்லாம் நின்றுவிடும். அறையைக் காட்டாமல் முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

இழை முழுக்க ஒரே பக்கமாகப் போகிறது, அதனால் எதிர்ப்பக்கத்தையும் வைக்கிறேன். இங்கிலாந்தில் முதுகலை ஓர் ஆண்டு. ஜெர்மனியில் ஏட்டில் இரண்டு ஆண்டு, நடைமுறையில் இரண்டரை, மூன்று ஆண்டு ஆக்குகிறவர்கள் ஏராளம். அந்தக் கூடுதல் ஆண்டின் வாழ்க்கைச் செலவு, அந்த ஆண்டில் சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சுருங்கும். ஏற்கெனவே நல்ல வேலையில் இருந்து, ஆங்கிலம் பேசும் நாட்டில்தான் தொழில் என்று முடிவு செய்தவருக்குக் கட்டணம் கட்டுவது தவறான முடிவு இல்லை.

பழைய மாணவன் எழுதியது:

கணக்கப்பிள்ளை அண்ணன் சொல்வது வேலையில் இருப்பவருக்குச் சரி. கடல்நாரை மாதிரி இளங்கலை முடித்து நேராக வருகிறவருக்கு இழக்கப்போகும் சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதோடு, கட்டணம் இல்லாத இடத்தில் ஒரு பாடம் இழுத்தால் வாழ்க்கைச் செலவுதான் கூடும். கட்டணம் உள்ள இடத்தில் தவறினால் மொத்தக் கடனும் தலையில். எனக்கு முக்கியம் இந்த வித்தியாசம்தான்: தோற்றால் எவ்வளவு தோற்கிறோம் என்பது.

ஆனால் மொழியைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஆங்கில வழி முதுகலையில் ஜெர்மன் தெரியாமல் பட்டம் வாங்கலாம். வாங்கிய பிறகு? பெரிய மென்பொருள் நிறுவனங்கள் தவிர, அதிலும் உங்கள் இயந்திரப் பொறியியலில், நடுத்தர நிறுவனங்களில் பட்டறைக்காரரோடும் வாடிக்கையாளரோடும் ஜெர்மனில்தான் பேச்சு. பி2 (ஏ1 முதல் சி2 வரை உள்ள ஆறு மொழித் தேர்ச்சிப் படிகளில் நான்காவது) இல்லாமல் நேர்காணலுக்கே கூப்பிடாத இடங்கள் உண்டு. அந்த 18 மாதமும் கரைந்துபோய்ப் பட்டத்தோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், அரசுப் பல்கலைக்கழகம் உங்களிடம் கேட்காத கட்டணத்தை அந்த மொழி கேட்கிறது. இப்போதே ஏ1ல் சேருங்கள், விசா வரும்போது பி1ஐத் தொட்டிருக்க வேண்டும். இளங்கலைக்கே போக நினைப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பு: அரசுப் பல்கலைக்கழக இளங்கலைகளில் பெரும்பாலானவை ஜெர்மனில்தான். பள்ளிச் சான்றிதழ் நேரடித் தகுதி தராவிட்டால் ஸ்டூடியன்கோலெக் என்ற ஆயத்த ஆண்டும் படிக்க வேண்டும்.

மாலைத்தென்றல் எழுதியது:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். மகள் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். ஜெர்மனியில் மருத்துவமும் கட்டணம் இல்லாமல் படிக்கலாம் என்கிறார்கள், முயலலாமா?

அரைப்புள்ளி எழுதியது:

படிக்கலாம் அம்மா, ஆனால் வாசல் மிகக் குறுகல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குச் சுமார் 5 சதவீத இடம்தான், பாடம் முழுக்க ஜெர்மனில், சி1 தேர்ச்சி வேண்டும், பள்ளி மதிப்பெண் உச்சத்தில் இருக்க வேண்டும். ஆயத்த ஆண்டு முடித்தும் இடம் கிடைக்காமல் வேறு படிப்புக்குப் போகிறவர்கள் உண்டு. மகளுக்கு அந்த மொழியில் உண்மையான ஈடுபாடு இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழி மருத்துவம் உண்டு, ஐமேட் என்ற நுழைவுத்தேர்வு. போட்டி கடுமைதான், ஆனால் கட்டணம் தேன்சிட்டு சொன்ன அதே வருமானக் கணக்கில்.

மழைக்குருவி எழுதியது:

ஆலோசகர் விஷயத்துக்கு வருகிறேன். குதிரைக் கொம்பு என்று அவர் ஏன் சொன்னார் தெரியுமா? தனியார் நிறுவனங்கள் ஆள் பிடித்துக் கொடுத்தால் தரகு கொடுக்கும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் பொதுவாகக் கொடுக்காது. அவர் கையேட்டில் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று பெரிதாகப் போட்டிருக்கும், கவனியுங்கள். தனியாருடைய பட்டம் செல்லும் என்பதற்கான அங்கீகாரம் அது. அரசு நடத்துகிறது என்று பொருள் இல்லை, கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டுவதும் சாதாரணம். ஹோக்ஷூல்கொம்பாஸ் தளத்தில் பெயரைப் போட்டால் அரசுடையதா தனியாருடையதா என்று ஒரே வரியில் காட்டிவிடும்.

என் அக்கா ஒருவரிடம் பணம் கட்டி விண்ணப்பம் போடச் சொன்னாள். அவர் எல்லாக் கணக்கையும் தன் அலுவலக மின்னஞ்சலில் திறந்திருந்தார். ஒரு பல்கலைக்கழகம் கூடுதல் தாள் கேட்டு அனுப்பிய கடிதம் அவருடைய பெட்டியிலேயே கிடந்து கெடு தாண்டிவிட்டது. அவளுக்குக் கடவுச்சொல்கூடத் தெரியாது. உதவி கேளுங்கள், தப்பில்லை. ஆனால் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கடல்நாரை எழுதியது:

இன்று தேர்வுத் துறையில் கேட்டேன், தேர்ச்சி 40 தான். ஏபிஎஸ் விண்ணப்பம் தொடங்கிவிட்டேன். கிரெடிட் பொருந்துகிறதா என்று கெம்னிட்ஸ், மாக்டபர்க், பிரவுன்ஷ்வைக் மூன்றின் பட்டியலையும் என் பாடத்திட்டத்தோடு வைத்துச் சரிபார்க்கிறேன். இத்தாலியில் ஓர் இடத்துக்கும் போடலாம் என்று இருக்கிறேன், அம்மா அப்பாவின் தாள்களில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

கடைசியாக ஒன்று. முடக்கக் கணக்கில் கடன் பணத்தைப் போட்ட பிறகு விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் என்ன ஆகும்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

திரும்ப வரும் தம்பி. தூதரகத்தின் மறுப்புக் கடிதத்தைக் கணக்கு திறந்த நிறுவனத்துக்கு அனுப்பினால் கணக்கை மூடிப் பணத்தைத் திருப்பி அனுப்புவார்கள். கணக்கு திறந்த கட்டணம் பெரும்பாலும் போனது போனதுதான், நாணய மாற்றில் கொஞ்சம் அடிபடும். திருப்பி வரும் பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்பதைக் கடன் கொடுக்கும் வங்கியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில வங்கிகள் கடன் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்பார்கள். கணக்கு திறப்பதற்குச் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆனால் பணத்தைக் கடிதம் வந்த பிறகு போடுங்கள். வட்டி ஓடுவது நீங்கள் எடுத்த நாளிலிருந்து.